மாமன் சீருக்கு அறுபத்தொரு கட்டை

ஏற்கெனவே குத்தியிருந்த காதைக் குத்துவதற்காக எனக்குப் பத்து வயதில் ஒரு விழா நடந்தது. வெளியூர்த் தோழிகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள். பெண்பிள்ளையின் காதை மூளியாக விடக் கூடாது என்று கைக்குழந்தையிலேயே என்னை இலுப்பூருக்குத் தூக்கிப் போய் ஆசாரியிடம் குத்திவிட்டார்கள். ஆனால் அது கணக்கில் சேராது. குலதெய்வக் கோவிலில், பங்காளிகள் கூடியிருக்க, சீர்வரிசையோடு வந்து இறங்கிய தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைத்துக் குத்தினால்தான் குத்தியதாகப் பேர்.

அந்தத் தாய்மாமன், அம்மாவின் ஒரே தம்பி, சிங்கப்பூரில் இருந்தார். அவருக்கு லீவு கிடைக்கிற வருஷமாகப் பார்த்துப் பங்காளி வீட்டில் யாராவது போய்ச்சேர்ந்து தீட்டு வந்துவிடும். தீட்டில்லாத வருஷத்தில் அவருடைய கம்பெனி லீவு தராது. இப்படித் தள்ளித் தள்ளி நான் ஐந்தாம் வகுப்பும் முடித்து, மாமா மடியில் உட்கார்ந்தால் கால் தரையில் இடிக்கிற உயரத்துக்கு வளர்ந்துவிட்டேன். இனிமேலும் விட்டால் கல்யாணத்தோடு சேர்த்துத்தான் காது குத்த வேண்டும் என்று அப்பா கேலி செய்தார். கடைசியில் அந்தக் கோடையில் வருவதாக மாமா சொல்லிவிட்டார்.

“மருமகளுக்குச் சீர்ல என்னா வேணும்? மாமா என்னா வாங்கட்டும்?” என்று போனில் கேட்டார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கீபோர்டு என்றேன்.

அதற்குக் காரணம் இருந்தது. சனிக்கிழமைதோறும் அம்மா என்னைப் பஸ்ஸில் புதுக்கோட்டைக்கு அழைத்துப் போவாள். அங்கே ஒரு பாத்திரக் கடை மாடியில் கீபோர்டு வகுப்பு. ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு மாஸ்டருடைய கீபோர்டு ஒன்றுதான். ஆளுக்குக் கொஞ்ச நேரம் வாசிக்கலாம். மீதி நேரமெல்லாம் அடுத்தவர் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டு, தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் அப்பாவின் போன்தான் கதி. அதில் ஒரு கீபோர்டு ஆப் இறக்கி வைத்திருந்தேன். என் சுண்டுவிரலே இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்திவிடும், அவ்வளவு குட்டிக் குட்டிக் கட்டைகள். அப்பா இலுப்பூரில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். கோடையில் கிணற்றுக்குக் கிணறு மோட்டார் எரியும். நான் ஸரிகம என்று ஆரம்பித்து மேலே ஏறும்போது போன் அடிக்கும். எடுத்தால், “அண்ணே, மோட்டாரு தண்ணி தூக்கலண்ணே” என்று யாராவது அழுவார்கள். என் சங்கீதம் வீட்டில் பாதிக்கு மேல் போனதே இல்லை.

அந்த நிலைமையில் மாஸ்டர் ஒரு நாள் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் திறந்த பிறகு அவருடைய கீபோர்டு கச்சேரிக்குப் போய்விடும். இனி எல்லோரும் சேர்ந்து வாசிக்கிற வகுப்புத்தான். சொந்தக் கீபோர்டு கொண்டு வருகிற பிள்ளைகள் வரலாம். மற்றவர்கள் வாங்கிய பிறகு வரலாம். “அறுபத்தொரு கீ இருந்தா போதும்மா. அதுக்கு மேல வாங்காதீங்க, இங்க ஏறாது” என்று அம்மாவிடம் சொன்னார்.

ஏறாது என்பதை நாங்கள் கண்ணால் பார்த்திருந்தோம். அந்த மாடிப்படி ஒடுக்கம். நடுவில் ஒரு திருப்பம் வேறு. எங்களோடு படித்த திருமயம் பக்கத்துப் பெண் ஒருத்திக்குச் சென்னையிலிருக்கும் பெரியப்பா எண்பத்தெட்டு கட்டைக் கீபோர்டு வாங்கிக் காரில் அனுப்பியிருந்தார். நாங்களெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். கீழே கடையில் இருந்த ஆட்கள் பிடித்து ஏற்றினார்கள். திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. நிமிர்த்தினார்கள், படுக்கவைத்தார்கள், சாய்த்தார்கள். சுவரில் காரை பெயர்ந்ததுதான் மிச்சம். வந்த காரிலேயே அது திரும்பிப் போனது. அந்தப் பெண்ணும் போனாள். வீட்டுக்கே வாத்தியார் வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். அவளுக்குக் காரும் இருந்தது, வாத்தியாரும் கிடைத்தார். நமக்கு எண்பத்தெட்டு வந்தால் அதோடு வகுப்புக்கு ஒரு கும்பிடு என்று எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. எங்கள் ஊருக்கு எந்த வாத்தியார் வரப் போகிறார்?

ஆக, எனக்கு வேண்டியது அறுபத்தொரு கட்டை. மாமாவிடம் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் விஷயம் அத்தையின் காதுக்குப் போய்விட்டது.

அத்தை, அப்பாவின் அக்கா. பக்கத்துத் தெருவில் வீடு. எங்கள் வகையறாவில் சீர், செய்முறை என்றால் அத்தை வைத்ததுதான் சட்டம். யார் வீட்டு விசேஷத்துக்கு யார் எத்தனை தட்டு கொண்டு வந்தார்கள் என்பது அவள் நாக்கு நுனியில் இருக்கும். ஒரு வளைகாப்புக்குப் பத்துத் தட்டோடு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, உள்ளே ஓடிப்போய் ஒரு தட்டில் மஞ்சள் கிழங்கை வைத்துக் கொண்டுவந்து கொடுத்து, பதினொன்றாக்கிய பிறகுதான் படியேற விட்டாள். அவளுடைய மகனுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் என்ற முறையில் என் அப்பா சீர் வைத்திருந்தார். அதில் ஒரு பெரிய ஃபிரிட்ஜ் டிராக்டரில் மேளதாளத்தோடு வந்து இறங்கியதாம். “எந்தம்பி வச்ச சீரு இன்னைக்கு வரைக்கும் பேசுது” என்பாள். ஆகவே அம்மாவின் தம்பி வைக்கிற சீரும் பேச வேண்டும். இல்லாவிட்டால் அத்தை பேசுவாள்.

மாமா வந்தார். வழக்கமாக அவர் வந்தால் கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகளும் கூடவே வரும். சாக்லேட்டும் தைலமும் சோப்புமாக வீடே மணக்கும். இந்த முறை தோளில் ஒரு பைதான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வெட்கமில்லாமல் அந்தப் பையைத் தடவிக்கூடப் பார்த்தேன். கீபோர்டுக்காக மிச்சம் பிடித்திருக்கிறார் என்று நானாகவே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாமாவும் அம்மாவும் கொல்லையில் துவைக்கிற கல்லுப் பக்கம் நின்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டே போனதும், “அங்கிட்டுப் போயி வெளையாடு” என்று அம்மா விரட்டினாள். அவளுடைய மூக்கு சிவந்திருந்தது. தம்பியைப் பார்த்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

கீபோர்டு வாங்கத் திருச்சிக்குப் போனோம். அப்பாவுக்குக் கடையில் தலைக்கு மேல் வேலை. மாமா, அம்மா, நான், கூடவே அத்தை. விசேஷத்துக்குத் தனக்கு ஒரு சேலை எடுக்க வேண்டும், அப்படியே வந்துவிட்டுப் போகிறேன் என்று அவளும் ஏறிக்கொண்டாள். வழி முழுக்க மாமாவிடம் சிங்கப்பூர் எப்படி, வேலை எப்படி, திரும்ப எப்போது என்று குடைந்துகொண்டே வந்தாள். மாமா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் “நல்லா இருக்கு மதினி” என்று ஒரே பதிலைச் சொன்னார். திரும்ப எப்போது என்பதற்கும் அதே பதில்தான். அத்தை அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, அதற்குள் சேலைக்குப் போய்விட்டாள்.

கடை ஏசி போட்டுச் சில்லென்று இருந்தது. கொடியில் துணி காயப்போட்டதுபோல் சுவர் நெடுகக் கித்தார்கள் தொங்கின. கடைக்காரர் எங்களை உட்காரவைத்து, மேஜை மேல் நாலு கீபோர்டுகளை வரிசையாக எடுத்து வைத்தார். நாற்பத்தொன்பது, அறுபத்தொன்று, எழுபத்தாறு, எண்பத்தெட்டு. மாஸ்டர் ‘கீ’ என்று சொல்வதை அவர் எங்களைப் போலவே கட்டை என்றுதான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அறுபத்தொன்றை மட்டும் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன். வகுப்பில் இருப்பதைப் போலவே இருந்தது.

அத்தை முதல் மூன்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே எண்பத்தெட்டிடம் போய், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை சாண் போட்டு அளந்தாள்.

“இதுதான் லட்சணமா இருக்கு. கோயில் வாசல்ல எறக்குனா நாலு பேரு திரும்பிப் பாப்பாக. வைக்கிறதுதான் வைக்கிறீங்க தம்பி, பெருசா வைங்க.”

மாமா சிரித்தார். சிரித்துக்கொண்டே கைக்குட்டையை எடுத்துப் பின்கழுத்தைத் துடைத்தார். எனக்கு முழங்கை குளிர்கிறது, இவருக்கு மட்டும் எப்படி வேர்க்கிறது என்று பார்த்தேன். “எம் மருமகளுக்கு இல்லாததா மதினி? பெருசே எடுத்துருவோம்” என்றார். கடைக்கே கேட்கிற குரலில் சொன்னார்.

 அந்த மாடிப்படியும், பெயர்ந்த காரையும், திரும்பிப் போன காரும் கண் முன்னால் வந்தன. சீர் கொடுக்கிற மாமனிடம் சின்னது போதும் என்று சொல்வது மரியாதையா, மரியாதைக் கேடா என்று அந்த வயதில் யாருக்குத் தெரியும்? இருந்தாலும் துணிந்து, “மாமா, எனக்கு இது போதும் மாமா” என்று அறுபத்தொன்றைக் காட்டினேன்.

“பாத்தீகளா! இப்பவே மாமன் செலவ மிச்சம் பண்ணுது” என்று அத்தை என் கன்னத்தைக் கிள்ளினாள். எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் அறுபத்தொன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கிளாஸ் மாடிப்படியில ஏறாது அத்தை” என்றேன்.

“கிளாசுக்கு எதுக்குத்தா தூக்கிட்டுப் போகணும்? மாமன் வச்ச சீரத் தெருத்தெருவாவா தூக்கிட்டு அலையிறது? பீரோ மேல வச்சுத் துணியப் போட்டு மூடுனா வாரவுக போறவுக பாப்பாக.”

 அழுகை இதோ, இதோ என்று நின்றது. அம்மாவின் இடுப்பில் விரலால் குத்தினேன். அவள் திரும்பவே இல்லை. மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரருக்கு இதற்குள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துவிட்டது. எண்பத்தெட்டில் ஒரு பொத்தானை அமுக்கினார். மேளமும் புல்லாங்குழலும் வயலினுமாக அதுவே ஒரு பாட்டைப் பொழிந்து தள்ளியது. அத்தை மார்பில் கை வைத்துக்கொண்டாள். “அடி ஆத்தி! அதுவே வாசிக்குதே! அப்பறம் எதுக்கு இந்தப் புள்ள வாராவாரம் பஸ் ஏறிப் போகுது?” என்றாள். போச்சு, வகுப்பின் அடிமடியிலேயே கை வைத்துவிட்டாள் என்று நான் நொந்துபோனேன்.

“பேக் பண்ணிரட்டுங்களா சார்?” என்று கடைக்காரர் கேட்டார். மாமா சட்டைப் பையில் கை வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றது.

அப்போதுதான் அம்மா கடைக்காரரைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

“தம்பி, எத்தன கட்டைன்னு சொன்னீங்க?”

“எம்பத்தெட்டுக்கா. முழு பியானோ அளவு.”

“எம்பத்தெட்டா?” அம்மா மோவாயில் விரலை வைத்தாள். “ரெட்டப்படையா வருதே. எனக்கு என்னா தெரியும், மொறையெல்லாம் மதினிக்குத்தான் தெரியும். ஏன் மதினி, சீர்ல ரெட்டப்படை வைக்கலாமா?”

நான் அம்மாவை அண்ணாந்து பார்த்தேன். அம்மாவா இது? ராகுகாலம் எதுவும் பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்புகிறவள். பூனை குறுக்கே போனால் அதுக்கும் ஏதோ சோலி என்று நடப்பவள். அவள் வாயில் ரெட்டைப்படை!

அத்தை திடுக்கிட்டுப் போனாள். அவளுடைய கோட்டைக்குள் வேறொருத்தி வந்து நிற்கிறாள், அதுவும் கையைக் கட்டிக்கொண்டு. “வைக்கக் கூடாதுதான்...” என்று இழுத்தாள். “ஆனா அது தட்டுக்குத்தானப்பா?”

“தட்டுக்கு மட்டுமா? லட்டக்கூட எண்ணித்தான மதினி வைக்கச் சொல்லுவீங்க? நாளைக்கு யாராச்சும் எண்ணிப் பாத்துட்டு, இந்த அம்மா கூடப் போயுமா இப்பிடி எடுத்தாகன்னு கேட்டா ஒங்களுக்குல்ல பேரு?”

அது சுருக்கென்று தைத்துவிட்டது. அத்தை எண்பத்தெட்டிலிருந்து கையை எடுத்தாள். கடைக்காரர் சட்டென்று எழுபத்தாறை முன்னால் நகர்த்தினார். அத்தையே, “அதுவும் ரெட்டை” என்று தள்ளிவிட்டாள். அவர் பாவம், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நாற்பத்தொன்பதைக் காட்டினார். மாமா அதன் பக்கம் வேகமாகக் குனிந்தார்.

“அய்யய்ய! அம்பதுக்கு ஒண்ணு கொறையுதே” என்றாள் அத்தை. “மொய்யே அம்பத்தொண்ணுன்னு ஒண்ணு கூடத்தான் எழுதுவாக. கொறைய வைக்கிறதா? நல்லா இருக்குப்பா நாயம்!”

மீதி இருந்தது ஒன்றுதான். அத்தை அறுபத்தொன்றின் முன்னால் போய் நின்றாள். “அறுபதும் ஒண்ணும்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மொய்க்குத் தோதாகத்தான் இருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். நான் இவ்வளவு சொல்லியும் நடக்காதது இந்தக் கணக்கில் நடந்துவிடும் போலிருந்தது.

“இருங்க, இருங்க” என்றாள் அத்தை. “இதுல கறுப்புக் கட்டையும்ல சேந்திருக்கு? நல்ல காரியத்துல கறுப்ப யாராச்சும் எண்ணுவாகளா?”

எனக்கு உயிரே போய்விட்டது. கடைக்காரருக்கோ போன உயிர் வந்துவிட்டது. விறுவிறுவென்று எழுபத்தாறின் வெள்ளைக் கட்டைகளை விரலால் எண்ணினார். “நாப்பத்தஞ்சுக்கா! ஒத்தப்படை!” என்று கூவினார். பிறகு அறுபத்தொன்றை எண்ணினார். முப்பத்தாறு. “இதுதான்க்கா ரெட்டப்படை” என்று அதை ஓரமாக ஒதுக்கினார். நான் மனசுக்குள் எங்கள் குலதெய்வத்தைக் கண்டபடி வேண்டிக்கொண்டேன். எத்தனை காது வேண்டுமானாலும் குத்திக்கொள்கிறேன், எழுபத்தாறு மட்டும் வேண்டாம்.

அம்மா அசரவில்லை. கடைக்காரரைப் பார்த்து, “அப்ப கறுப்பு கணக்குல சேத்தி இல்ல. அப்பிடித்தான தம்பி? அப்ப அதுக்கு உண்டான வெலையக் கழிச்சுக்குங்க” என்றாள்.

“அதெப்படிக்கா கழிக்கிறது? எல்லாம் சேத்துத்தான்க்கா கம்பெனியே குடுக்குறான்.”

“கேட்டுக்கிட்டீங்களா மதினி? சேத்துத்தான் கணக்காம். அவரே சொல்லிட்டாரு.”

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “செஞ்சவனே சேத்து எண்ணும்போது நாம என்னா சொல்றது? அறுபத்தொண்ணையே எடுங்க தம்பி” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“மொறைன்னா மொறதான் மதினி!” என்றார் மாமா. வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் பல் தெரியச் சிரித்தார். கடைக்காரர் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. எத்தனையோ பேருக்கு எத்தனையோ கீபோர்டு விற்றிருப்பார், மொய்க் கணக்குப் பார்த்து எடுத்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

எனக்கு இன்னும் ஒரு பயம் பாக்கி இருந்தது. இலுப்பூர் பஸ்ஸில் ஏறுமா? கண்டக்டர் பெட்டியைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். மாமா அதை நிமிர்த்தி, சீட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் செருகினார். அளவெடுத்துத் தைத்ததுபோல் நின்றது. இந்த பஸ்ஸில் ஏறினால் சனிக்கிழமை பஸ்ஸிலும் ஏறும். படியிலும் ஏறும். அப்பாடா என்று பெட்டியின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு விராலிமலை வருவதற்குள் தூங்கிப்போனேன்.

விசேஷம் எங்கள் குலதெய்வக் கோவிலில், கண்மாய்க் கரையில் நடந்தது. மேளம் முன்னால் வர, மாமா வேட்டி சட்டையில், பழத்தட்டும் பூத்தட்டுமாகச் சீர் வந்தது. கீபோர்டு எந்தத் தட்டிலும் அடங்காததால், பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டு, இரண்டு பெண்கள் இரண்டு பக்கமும் பிடித்து, சாமியைத் தூக்கி வருகிற மாதிரி கொண்டு வந்தார்கள். அத்தை ஒவ்வொரு பங்காளி வீட்டாரிடமும் போய், “அறுபத்தொண்ணு! ரெட்டப்படையில எடுக்கப் பாத்தாக, நாந்தான் விடல” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.  அம்மா பந்திக்கு இலை போடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாமா மடியில் நான் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் இருந்தேன். ஆசாரி என் பழைய தோட்டைக் கழற்றினார், ஊசியால் அந்த ஓட்டையை ஒரு தொடு தொட்டார், புதுத் தோட்டை மாட்டினார். அவ்வளவுதான். போட்டோக்காரர் விடவில்லை. “பாப்பா, வலிக்கிற மாதிரி மூஞ்சிய வையி” என்றார். நான் கொஞ்சம் நன்றாகவே வைத்துவிட்டேன் போலிருக்கிறது. மாமா பதறிப்போய், “வலிக்குதா ஆத்தா?” என்று காதில் ஊதினார். பிறகு மைக்செட்டு கரெண்டில் கீபோர்டைப் போட்டு, எனக்குத் தெரிந்த ஒரே பாடத்தை வாசித்தேன். ஒருத்தரும் நடுவில் போன் பண்ணவில்லை. முதல் முறையாக முழுசும் வாசித்து முடித்தேன். மாமா எல்லோருக்கும் முன்னால் கைதட்டினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடியும் கைதட்டினார்.

பள்ளிக்கூடம் திறந்தது. மாமாவின் லீவு முடியவில்லை. எனக்கு ஒரே கொண்டாட்டம். சனிக்கிழமை வகுப்புக்கு அம்மாவுக்குப் பதில் மாமா வரத் தொடங்கினார். பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். வகுப்பு முடிகிற வரைக்கும் கீழே பாத்திரக் கடை வாசலில் நின்றுகொண்டிருப்பார். சில நாள் போனில் யாரிடமாவது கெஞ்சுகிற குரலில் பேசிக்கொண்டிருப்பார், என்னைப் பார்த்ததும் வைத்துவிடுவார். எனக்குத்தான் உள்ளுக்குள் ஒரு பயம். என்றைக்காவது ஒரு நாள் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு மாமா விமானம் ஏறிவிடுவாரே!

ஒரு சனிக்கிழமை புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கேட்டே விட்டேன். “எப்ப மாமா சிங்கப்பூர் போவீங்க?”

 மாமா எனக்கு வாங்கின கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, தானே நாலைந்து உரித்து என் கையில் போட்டார். “நீ ரெண்டு கையாலயும் ஒண்ணா, நல்லா வாசிக்கணும். அதுவரைக்கும் மாமா இங்கிட்டுத்தான் இருப்பேன்” என்றார்.

நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். அடுத்த வாரத்திலிருந்து என் இடது கைக்கு வாதம் வந்துவிட்டது. வலது கை ஒழுங்காகப் போகும். இடது கை ஒரு கட்டை தள்ளி விழும், அல்லது ஒரு தாளம் தூங்கி எழுந்து வரும். வீட்டில் மாமா இல்லாத நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு கையாலும் சரியாக வாசிப்பேன். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் இடது கை நொண்ட ஆரம்பித்துவிடும். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு, எதையோ பேசிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள். “ஒம் மாமன் வாரதுக்கு முந்தியே சிங்கப்பூர்ல அவன் கம்பெனிய மூடிட்டாய்ங்க. கையில இருந்தது விசேசத்துக்கே இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு இருந்துச்சு. அன்னைக்குக் கடையில அவன் சட்டைப் பையில கைய வச்சான் பாரு, எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. மதினிக்கு முன்னாடி எந்தம்பி இல்லேன்னு சொல்லி நிக்கக் கூடாதுல்ல? ரெட்டப்படையாவது, ஒத்தப்படையாவது!” என்று சிரித்தாள். ஏசிக் கடையில் மாமாவுக்கு ஏன் வேர்த்தது என்பதும், அவர் போக வேண்டிய இடம் என்று ஒன்று அப்போது இல்லவே இல்லை என்பதும் எனக்கு அதற்குப் பிறகுதான் விளங்கியது.

பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், என் இடது கை சரியாக வந்துவிட்டால் மாமா போய்விடுவார் என்பதுதான். அதனால் சனிக்கிழமைதோறும், மாஸ்டர் அவரை மேலே கூப்பிட்டு, “வலது கை தங்கமா போகுதுங்க, இடது கைதான் ஏனோ வர மாட்டேங்குது” என்று குறைப்படும்போது, நான் தலையைக் குனிந்துகொண்டு ஓரக்கண்ணால் மாமாவின் முகத்தையே பார்ப்பேன். அவர் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, “பரவால்ல ஆத்தா, மெதுவா வரட்டும். மாமா எங்க போயிரப் போறேன்?” என்பார். அப்பாடா, இந்த வாரமும் மாமாவைப் போகவிடாமல் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்காது.